அன்பளிப்பு அலுமாரி

எங்கள் பள்ளிவாசலில் மின்விசிறிகள் ஓடும்போது காற்று வரும். நின்றால் பெயர்கள் தெரியும். ஒவ்வொன்றின் இறக்கையிலும் 'அன்பளிப்பு' என்று சிவப்பு மையால் எழுதி, அதன் கீழே கொடுத்தவரின் பெயரையும் தகப்பனாரின் பெயரையும், இடமிருந்தால் கடையின் பெயரையும் சேர்த்திருப்பார்கள். பிளாஸ்டிக் கதிரைகளின் முதுகில் பெயர் உண்டு. ஜனாஸாவைச் சுமந்து செல்லும் சந்தூக்குப் பெட்டியின் பக்கப் பலகையில்கூடப் பெயர் உண்டு. உள்ளே கிடப்பவருடையதல்ல, பெட்டியை வாங்கிக் கொடுத்தவருடையது. ஊரில் யார் மௌத்தானாலும் அந்த ஒரு கனவானின் பெயர்தான் மையவாடி வரை ஊர்வலம் போகிறது. சுவர்க் கடிகாரங்களில் ஒன்றில் என்னுடைய பெயரும் இருக்கிறது. எழுதும்படி நான் கேட்கவில்லை. எழுதிய பின் அழிக்கும்படி சொல்லவும் இல்லை.

இது கொடுப்பவர்களுக்கான ஏற்பாடு. வாங்குபவர்களுக்கு வேறோர் ஏற்பாடு இருக்கிறது. பள்ளிவாசலின் ஸகாத் குழுவுக்குப் பல ஆண்டுகளாக நானே தலைவர். எந்த வீட்டுக்கு அரிசி போகிறது, எந்தக் குமருக்குக் கலியாண உதவி போகிறது என்பது குழுவில் இருக்கும் எங்கள் மூவருக்கு அப்பால் எவருக்கும் தெரியாது. என் மனைவி பலமுறை கேட்டிருக்கிறாள். ஒருமுறைகூட நான் சொன்னதில்லை. வாங்குகிறவரின் பெயர் வெளியே வரக் கூடாது, வாங்கும் கை வெட்கப்படக் கூடாது என்று ஒவ்வொரு றமழானின் தொடக்கத்திலும் ஜும்ஆவுக்குப் பின் எழுந்து நின்று நானே பேசி வந்திருக்கிறேன். அந்தப் பேச்சு ஊராருக்கு மனப்பாடம். அதை யார் எதற்காக மனப்பாடம் செய்து வைத்திருந்தார்கள் என்பதுதான் எனக்குத் தெரியாமல் போயிற்று.

என்னைப் பற்றிச் சில வார்த்தைகள் அவசியம். கொழும்பில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படித்தவன் நான். பாடசாலை அதிபராகப் பணியாற்றி ஓய்வு பெற்றேன்; பத்திரங்களுக்குச் சாட்சி முத்திரை குத்தும் சமாதான நீதவானும் கூட. மாம்புரிக்குப் போகும் வழியில் வாப்பா விட்டுச் சென்ற தென்னந்தோட்டத்தை நானே பார்க்கிறேன். எவரிடமும் கடன் பட்டதில்லை. எவருடைய வாசலிலும் காத்து நின்றதில்லை. ஊரில் பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் நான் 'சேர்'. இந்த ஈரெழுத்து மரியாதையைச் சம்பாதிக்க ஒரு வாழ்நாள் பிடித்தது. அதை இழக்க ஓர் அலுமாரி போதும் என்று நிலைமை வந்தபோது நடந்ததையே எழுதுகிறேன். இங்கே எவருடைய பெயரையும் நான் குறிப்பிடப் போவதில்லை. பெயர் வேண்டுபவர்கள் விவசாய அலுவலகத்துக்கு, எங்கள் பேச்சில் கந்தோருக்கு, போய்ச் சுவரில் பார்த்துக்கொள்ளலாம். இப்போது அங்கே பார்க்க முடிகிறது.

உரம் கிடைக்காமல் தென்னையும் வெங்காயமும் ஒன்றாக வாடிய அந்தக் கெட்ட காலத்துக்குப் பிறகு, உர மானியத்தை மூட்டையாகக் கொடுப்பதை விட்டு, பணமாக வங்கிக் கணக்கில் போடும் முறை வந்தது. கூடவே இரண்டு கட்டளைகளும் வந்தன. காணியின் உறுதிப்பத்திரம் யாருடைய பெயரில் இருக்கிறது என்பது பொருட்டல்ல, அதில் பயிர் செய்பவருக்கே மானியம் என்பது ஒன்று. யாருக்கு, எந்தக் காணிக்காக, எந்தப் பயிருக்காக மானியம் போகிறது என்ற பட்டியலை விவசாயக் கந்தோரில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்ட வேண்டும், பிழை கண்டவர்கள் மாத முடிவுக்குள் எழுத்தில் ஆட்சேபிக்க வேண்டும், அதன் பின்பே பணம் போக வேண்டும் என்பது மற்றொன்று. நல்லெண்ணம் உடைய யாரோ ஒருவர் எழுதிய கட்டளை. எங்கள் பகுதி மனிதர்களை அவர் ஒரு நாளும் சந்தித்திருக்க முடியாது.

பதிவு தொடங்கிய முதல் நாள், கந்தோர் திறக்கும் முன்பே போய் நின்று பதிந்துவிட்டு வந்தேன். நேரந்தவறாமை என் வழக்கம். தோட்டம் என்னுடையது, உரம் வைப்பிப்பதும் நான். எனக்கு உரியதைக் கேட்பதில் எனக்குத் தயக்கம் இருக்கவில்லை. விண்ணப்பத்தில் பெயர் எழுதும் இடத்தில் அல்ஹாஜ் என்பதையும் ஓய்வுபெற்ற அதிபர் என்பதையும் சமாதான நீதவான் என்பதையும் முறையாகச் சேர்த்து எழுதினேன். இதை வெளியில் எவரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய செய்தியாக எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

இனி என் மனைவியின் தம்பியைப் பற்றி. ஊர் அவனைக் கொடைவள்ளல் என்கிறது, அவனும் மறுப்பதில்லை. மேலே சொன்ன சந்தூக்கு அவன் கொடுத்தது. மதுரங்குளியில் அவனுக்குக் கடை இருக்கிறது. ஆலங்குடாவில் கடலோரமாகத் தென்னந்தோட்டம் ஒன்று இருந்தது. பட்டத்தில் தொங்கிக்கொண்டு கடலில் சறுக்க வரும் வெள்ளைக்காரர்களுக்காக அங்கே இப்போது ஓலைக் குடில்கள் நிற்கின்றன, எஞ்சிய மரங்களில் தூங்கு வலைகள் கட்டியிருக்கின்றன. மாம்புரியில் உள்ள காணியை ஒரு பெண்ணுக்குக் குத்தகைக்குக் கொடுத்திருக்கிறான். வெங்காயமும் பீட்றூட்டும் அவள்தான் போடுகிறாள். அந்தக் காணியின் மணலை அவன் மிதித்துப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும்.

பட்டியல் ஒட்ட வேண்டிய மாதம் பிறந்து சில நாட்களில் அவன் எனக்குத் தொலைபேசி எடுத்தான்.

"மச்சான், விவசாயக் கந்தோருக்கு ஒரு இரும்பு அலுமாரி குடுக்கிறன். பைல் எல்லாம் நெலத்துல கெடக்கி, பாக்கப் பாவமா இருக்கி. நீங்க வந்து தெறந்து வெச்சாத்தான் அதுக்கொரு மதிப்பு."

போனேன். அலுமாரியைத் திறந்து வைப்பதென்றால் கதவைத் திறப்பதன்றி வேறென்ன இருக்கிறது? அதற்கும் சிவப்பு நாடா கட்டியிருந்தார்கள். கத்தரிக்கோலைத் தட்டில் வைத்து நீட்டினார்கள். நாடாவை வெட்டிக் கதவைத் திறந்தேன். உள்ளே ஒன்றுமில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். கொடையின் சிறப்பைப் பற்றி நான் சில வார்த்தைகள் பேசினேன். பற்றிஸ் பலகாரமும் பால் தேநீரும் பரிமாறப்பட்டன. நான் வீடு வந்து சேர்வதற்குள் என் படம் மஹல்லாவின் வாட்ஸப் குழுவில் வந்துவிட்டது: ஒரு பக்கம் நான், மறுபக்கம் மச்சான், நடுவில் சுவரோடு ஒட்டி நின்ற அலுமாரி, அதன் இரு கதவுகளையும் நிறைத்துக்கொண்டு அவன் பெயர். சுவர் எங்கேயும் தெரியவில்லை. சுவரைப் பார்க்க வேண்டும் என்று எனக்கும் அன்று தோன்றவில்லை.

மாத முடிவு நெருங்கிய ஒரு காலை, வாசற்கதவடியில் ஸ்கூட்டி ஒன்று வந்து நின்றது. மாம்புரிக் காணியைக் குத்தகைக்குச் செய்யும் அந்தப் பெண். அவளை எனக்கு முன்பே தெரியும், பிடிக்காது. சந்தையில் பேரம் பேசுவதைப் போலவே எங்கும் பேசுகிறவள். அபாயாவின் ஓரத்தில் வெங்காயச் சருகு ஒட்டியிருந்தது. ஸலாம் சொன்னாள்; அதோடு மரியாதை முடிந்தது.

"ரிப்பன் வெட்டின கத்திரி இன்னும் கையிலதானே சேர் இருக்கி? அத எனக்குத் தாங்க. இந்தப் போகம் எனக்கு அறுக்கிறதுக்கு வேற ஒண்டும் இல்லாமப் போகப் போகுது."

"கதைக்கிறதெண்டா மரியாதையாக் கதைங்க," என்றேன்.

"மரியாதையாத்தான் வீட்டுக்கு வந்திருக்கிறன். மரியாத இல்லாட்டி பள்ளிக்கு முன்னால நிண்டு கத்திருப்பன். பட்டியல் எங்க சேர்?"

"எந்தப் பட்டியல்?"

"உங்கட அலுமாரிக்குப் பொறத்தால இருக்கிறது."

அப்போதுதான் விஷயம் எனக்கு விளங்கத் தொடங்கியது. தன் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க அவள் கந்தோருக்குப் போயிருக்கிறாள். ஒட்டியாயிற்று என்றிருக்கிறார்கள். எங்கே என்று கேட்டதற்கு அலுமாரியைக் காட்டியிருக்கிறார்கள்.

"அலுமாரியத் தள்ளுங்க, பாக்கணும் எண்டன். அது சேர் தெறந்து வெச்சது, தொடப்படாதாம். மாசம் முடிஞ்சா ஆட்சேபன எடுக்க மாட்டாங்க. என்ட பேர் அதுல இல்லாட்டி உரத்துக்குச் சல்லி இல்ல. உரமில்லாம அந்த மணல்ல வெங்காயம் வருமா? குத்தகய விட்டுட்டு மகள்ட வீட்டுல ஒரு மூலயில குந்த வேண்டியதுதான்." பிறகு குரலைத் தாழ்த்தினாள், அந்தத் தாழ்ந்த குரல்தான் என்னைச் சுட்டது. "உங்கட பேரும் அதுல இருக்காமே சேர். அத மறைக்கத்தான் சேர் அலுமாரியத் தெறந்து வெச்சார் எண்டு சந்தையில கதை."

என் வாழ்நாளில் எவரும் என் வாசலில் நின்று இப்படிப் பேசியதில்லை. பதில் சொல்வதற்குள் அவள் ஸ்கூட்டியைத் திருப்பிவிட்டாள்.

அன்றே கந்தோருக்குப் போனேன். பொறுப்பதிகாரி சிலாபத்துப் பக்கத்தவர். சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார், இடையிடையே சிங்களத்து 'னே' மட்டும் வந்து விழும். எதற்கும் கையெழுத்திடாமல் ஓய்வூதியம் வரை போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பது ஒன்றே அவருடைய வாழ்க்கை இலட்சியம். என்னைக் கண்டதும் எழுந்து கதிரையைத் துடைத்தார்.

"பட்டியல் எங்கே?" என்றேன்.

"சட்டப்படி ஒட்டியாச்சு னே சேர். ஒட்டின அண்டைக்கே படமெடுத்து மேலிடத்துக்கும் அனுப்பியாச்சு."

"அதற்கு முன்னால் அலுமாரி நிற்கிறதே."

அவர் அலுமாரியை அன்றுதான் கண்டவர் போலத் திரும்பிப் பார்த்தார். "சட்டம் ஒட்டத்தான் சொல்லுது சேர். முன்னால ஒண்டும் வெக்கப்படாது எண்டு அதுல இல்ல னே."

"அப்படியானால் அதை நகர்த்துங்கள்."

"அது இப்ப அரசாங்கச் சொத்து. எடம் மாத்துறதெண்டா ஒரு கடிதம் வேணும், இல்லாட்டி நாளைக்கு என்னக் கேப்பாங்க. குடுத்தவர்ட சம்மதமும் இருந்தா நல்லம்."

"கொம்பியூட்டரில் பிரதி இருக்குமே. அதைக் காட்டுங்கள்."

"ஐயோ சேர், கொம்பியூட்டர்ல இருக்கிறது உள்விஷயம். பொதுமக்கள் பாக்கிறதுக்கு எண்டுதான் சுவர்ல ஒட்டியிருக்கு."

மறைத்து வைத்ததைப் பகிரங்கம் என்றும், திறந்து பார்க்கக் கூடியதை உள்விஷயம் என்றும் முகத்தில் ஒரு சுருக்கமும் விழாமல் சொல்லக் கூடிய மனிதரோடு எவ்வளவு நேரம் பேசுவது? எழுந்து வந்தேன். அவர் வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

மறுநாள் மாலை மஃரிபுக்குப் பின் மச்சான் வந்தான். அவனோடு காணிக்காரர் இருவர். அவர்கள் பேசவில்லை, அவன் பேசும்போது தலையாட்டுவதற்காக வந்திருந்தார்கள். ஒரு பெட்டி தொதல் இனிப்பை என் மேசையில் வைத்தான். கந்தோருக்கு நான் போன செய்தி அவனுக்கு எட்டியிருந்தது.

"மச்சான், ஒரு சின்ன உதவி. ஸகாத் குழுட கடிதத் தாள்ல, தலைவர் எண்டு கையெழுத்துப் போட்டு, கந்தோருக்கு ஒரு கடிதம் தாங்க."

"என்னவென்று?"

"எங்கட சமூகத்து வழக்கப்படி உதவி வாங்குறவர்ட பேரப் பகிரங்கப்படுத்துறது கூடாது, அது மானக்கேடு. அதனால பட்டியல வெளிய காட்டாம இருக்கிறது நல்லம் எண்டு. நீங்க எழுதினா ஒருத்தரும் மறுத்துப் பேச மாட்டாங்க."

தலைகள் ஆடின. நான் தொதல் பெட்டியை மேசையின் ஓரத்துக்குத் தள்ளி வைத்தேன். கோபம் வரும்போது அவசரப்படுவதில்லை என்பது நான் எனக்கு விதித்துக்கொண்ட ஒழுங்கு.

"தம்பி, அந்த வழக்கம் ஏழைகளுக்கு," என்றேன்.

"மானியம் வாங்குற நேரம் நாங்களும் ஏழைதானே மச்சான்."

"அப்படியா? எனக்குத் தெரியாமப் போச்சி. ஏழை எண்டா இந்த றமழானுக்கு உன்ட பேரக் குழுவுல எழுதிர்றன். அரிசி, சீனி, பேரீச்சம்பழம் எல்லாம் ஒரு பையில வந்து உன்ட வாசல்ல இருக்கும். ஒருத்தருக்கும் தெரியாது. நீ வெக்கப்படத் தேவல்ல."

தலையாட்ட வந்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டு இருமினார். மச்சானின் முகம் மாறியது.

"என்ன மச்சான் இது, குத்திக் கதைக்கிறீங்க. அந்தப் பொம்புளட கதையக் கேட்டா எனக்கு இப்பிடிச் செல்றீங்க?"

"மாம்புரிக் காணியில வெங்காயம் போடுறது ஆரு?"

"காணி என்ட."

"வெங்காயம் ஆருட எண்டு கேட்டன்."

"காணி இல்லாம வெங்காயம் வானத்துலயா மொளைக்கிது?" என்றான். பிறகு முன்னால் சாய்ந்து, பாசம் போன்ற ஒன்றைக் குரலில் வரவழைத்துக்கொண்டான். "நான் எனக்காகக் கதைக்கல்ல மச்சான். ஒங்களுக்காகத்தான். பட்டியல்ட மொதல் பேரு உங்கட. கந்தோர்ல ஒட்டுற நேரம் நானே கண்ணால கண்டன். அது வெளிய வந்தா ஊரு என்ன செல்லும்? காலமெல்லாம் எங்களுக்குக் கொடயப் பத்திப் பயான் பண்ணின சேர், உர மானியத்துக்கு மொதல் ஆளா நிண்டிருக்கிறாரு எண்டு செல்லும். எனக்குப் பரவால்ல, நான் யாவாரி. உங்களுக்குத்தான் தாங்கேலாது."

என் நேரந்தவறாமை என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது என்பதை அப்போதுதான் அறிந்தேன். அவன் கணக்குப் பிழையானதல்ல. ஊர் எப்படிப் பேசும் என்பதில் அவன் தேர்ந்தவன். எனக்கு உரியதை வாங்குவது குற்றமல்ல என்று நான் சட்டம் பேசிக்கொண்டிருக்கும்போதே, தேநீர்க் கடையில் என் பெயரை வைத்துச் சிரித்து முடித்திருப்பார்கள். நாற்பது வருடம் மற்றவர்களுடைய பிள்ளைகளை எழுந்து நிற்கச் செய்தவனுக்கு இது சின்ன விஷயமல்ல.

"கடிதம் தர மாட்டன்," என்றேன். "தொதலக் கொண்டு போங்க."

அவன் தொதலைக் கொண்டு போகவில்லை. என் மனைவி அதை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். எங்கள் வீட்டு அலுமாரியில் எவருடைய பெயரும் இல்லை. இரவுச் சாப்பாட்டின்போது அவள் சொன்னாள்: "நீங்க உங்கட பேரப் பத்திக் கவலப்படுறீங்க. என்ட தம்பிட பேரு போனா, எனக்கு அந்த வீட்டுல கால் வெக்க ஏலுமா?"

"உன்ட தம்பிட பேரு எங்கயும் போகாது. சந்தூக்குல எழுதியிருக்கி," என்றேன். அவள் கறிச்சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அடுத்த நாள் முழுவதும் எனக்குத் தேநீர் மட்டும் வந்தது, பேச்சு வரவில்லை.

மாதத்தின் கடைசி வேலை நாள். கந்தோர் திறக்கும் நேரத்துக்குப் போனேன். அந்தப் பெண் எனக்கு முன்பே வந்திருந்தாள். அவளைப் போலவே குத்தகைக்குப் பயிர் செய்யும் ஆண்களும் பெண்களும் சிலர் கூட நின்றார்கள். ஆட்சேபனை எழுத வந்தவர்கள். எதை ஆட்சேபிப்பது என்று தெரியாமல் நின்றவர்கள். என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. ஒருவர் வழிவிட்டார், ஸலாம் சொல்லவில்லை. அந்த ஸலாம் வராத இடத்தை நான் நன்றாகக் கவனித்தேன்.

பொறுப்பதிகாரியிடம் போய், "ஒரு தாள் தாருங்கள்," என்றேன். அவர் தந்தார். நின்றபடியே எழுதினேன்: இன்ன திகதியில் நான் திறந்து வைத்த அலுமாரியை இன்று நானே இடம் மாற்றுகிறேன், இதனால் வரும் எல்லாப் பொறுப்பும் என்னுடையது. கையெழுத்திட்டேன். சட்டைப் பையிலிருந்து சமாதான நீதவான் முத்திரையை எடுத்து, அவருடைய மைப்பெட்டியிலேயே ஒற்றி அழுத்தினேன்.

அந்தத் தாளைக் கண்டதும் அந்த மனிதரிடம் வந்த மாற்றத்தைப் பார்த்திருக்க வேண்டும். அவருக்கு வேண்டியிருந்தது நீதியல்ல, ஒரு தாள். அதை வாங்கிக் கோவையில் போட்டுவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, அலுமாரியின் ஒரு மூலையை அவரே வந்து பிடித்தார்.

"மெதுவா, மெதுவா! உள்ளுக்குப் பைல் இருக்கு," என்றார்.

"பைல் இல்ல சேர், பாவம் இருக்கி. அதான் இந்தப் பாரம்," என்றாள் அந்தப் பெண், மறு மூலையைத் தோளால் தள்ளியபடி. இரும்பு தரையை உராய்ந்த சத்தம் பற்களைக் கூச வைத்தது. கதவொன்று தானாகத் திறந்து, மச்சானின் பெயர் நடுவில் பிளந்து ஆடியது.

பின்னால் பட்டியல் இருந்தது. உப்புக் காற்றில் ஓரங்கள் சுருண்டு, ஒரு பல்லி அதன் மேல் நிதானமாக இருந்தது. எல்லோரும் நெருங்கி வந்தார்கள். வந்தவர்கள் அப்படியே நின்றார்கள். பட்டியல் முழுவதும் சிங்களத்தில்.

பேசுவதற்குச் சிங்களம் அவர்கள் எல்லோருக்கும் தண்ணீர் பட்ட பாடு. வாசிப்பதென்பது வேறு. மறைப்பதற்கு அலுமாரி வேண்டாம், இந்த எழுத்தே போதும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். மச்சான் அதிகப்படியாகச் செலவழித்துவிட்டான்.

"இப்ப இத ஆரு வாசிக்கிறது?" என்றாள் அவள், பொறுப்பதிகாரியைப் பார்த்து. அவருக்கு அந்த நொடியில் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அல்லது வந்ததாக அவர் காதில் வைத்துக்கொண்டார்.

நான் மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டேன். கல்லூரியில் எனக்கு மும்மொழியும் கற்றுத் தந்தார்கள். அது இப்படி ஒரு சுவருக்கு முன்னால் பயன்படும் என்று எவரும் சொல்லித் தரவில்லை.

முதல் வரியில் என் பெயர் இருந்தது. அல்ஹாஜ், ஓய்வுபெற்ற அதிபர், சமாதான நீதவான். ஒன்றையும் விடாமல் சிங்களத்தில் எழுதி வைத்திருந்தார்கள். இரண்டாவது வரியில் விரலை வைத்துத் தொடங்கியிருந்தால் பொறுப்பதிகாரியைத் தவிர அந்த அறையில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. என் முதுகுக்குப் பின்னால் அவர்கள் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. அவர்களுக்காக நான் முதல் வரியிலிருந்து தொடங்கினேன் என்று எவரும் நினைக்க வேண்டாம். எனக்கு ஒளிந்துகொள்ள இடம் கொடுத்தவன் தானே என்று ஒரு நாள் மச்சான் சொல்லக் கூடாது, அதற்காகவே செய்தேன்.

பரிசளிப்பு விழாவில் பெயர் வாசிக்கும் அதே குரலில், பட்டங்களோடு, தோட்டத்தின் பெயரோடு, தென்னை என்ற பயிரோடு, என் பெயரை வாசித்தேன்.

"அது சேரல்லவா?" என்றாள் அவள்.

"ஓம். நான்தான். அடுத்ததைக் கேளுங்கள்."

அடுத்ததையும் அதற்கு அடுத்ததையும் வாசித்தேன். ஆலங்குடா, தென்னை என்று வந்து, அதற்கு எதிரே மச்சானின் பெயர் வந்தபோது பின்னாலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார்: "அங்க எங்கயாம் தென்ன? நிக்கிறதே நாலஞ்சு மரம். அதுலயும் வெள்ளைக்காரன் தூங்குறான்!"

"அவனுக்கும் கொஞ்சம் உரம் வெச்சிருப்பாரு," என்றார் இன்னொருவர். சிரிப்பு எழுந்தது. அதில் நான் கலந்துகொள்ளவில்லை. அது என் மனைவியின் தம்பியைப் பற்றியது. ஆனால் நிறுத்தவும் இல்லை.

பிறகு மாம்புரி வந்தது. வெங்காயம். அவள் குத்தகைக்குச் செய்யும் அதே காணி. எதிரே மறுபடியும் மச்சானின் பெயர்.

சிரிப்பு நின்றது. அவள் சற்று நேரம் அந்த எழுத்தை, வாசிக்கத் தெரியாத அந்த எழுத்தை, முறைத்துப் பார்த்தாள்.

"வெங்காயத்துல எது தல எது வேர் எண்டு தெரியுமா அவருக்கு?" என்றாள். பிறகு பொறுப்பதிகாரியின் மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். "தாங்க தாள. எழுதணும்."

அவள் தமிழில் எழுதினாள். கூட வந்தவர்களும் ஒவ்வொருவராக எழுதினார்கள். சாட்சி வேண்டுமென்று பொறுப்பதிகாரி சொன்னபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒவ்வொன்றிலும் கையெழுத்திட்டு முத்திரை குத்தினேன். மை காயும் முன்பே அவள் தன் தாளை எடுத்து அவர் கையில் கொடுத்து, வாங்கியதற்குச் சிட்டையும் எழுதி வாங்கிக்கொண்டாள். எனக்கு நன்றி சொல்லவில்லை. வெளியேறும்போது, "அடுத்த போகத்துக்கும் வந்து வாசிங்க சேர்," என்றாள், ஏதோ என்னை வேலைக்கு வைத்துவிட்டவள் போல.

விசாரணை நடந்தது. மாம்புரிக் காணிக்கு எதிரே இருந்த பெயர் வெட்டப்பட்டு அவளுடைய பெயர் எழுதப்பட்டது. பணமும் அவளுக்கே போயிற்று. காணியைத் திருப்பிக் கேட்க மச்சானுக்கு ஆசை இருந்திருக்கும். ஊரே வாசித்துவிட்ட பின் அதற்குத் துணிச்சல் இல்லை. ஆலங்குடாத் தோட்டத்தை அளக்க இரண்டு உத்தியோகத்தர்கள் போய், தூங்கு வலைகளுக்கு நடுவில் நாடாவைப் பிடித்துக்கொண்டு நின்றதாகக் கேள்விப்பட்டேன். அலுமாரியைப் பழைய இடத்தில் வைக்க எவரும் கடிதம் கொடுக்கவில்லை. அது யன்னலோரத்தில் நிற்கிறது. அங்கே ஒரு கதவை மட்டுமே திறக்க முடிகிறதாம்.

மச்சான் என்னோடு பேசுவதில்லை. என் மனைவி பேசுகிறாள், குறைவாக.

மானியப் பணம் வந்ததற்கு அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் வழக்கம்போல அன்பளிப்புகளை வாசித்தார்கள். பள்ளிவாசலுக்குப் புதிய ஒலிபெருக்கி ஒன்று கிடைத்திருந்தது. கொடுத்தவரின் பெயரை அந்த ஒலிபெருக்கியிலேயே இரண்டு முறை சொன்னார்கள். மச்சான் முதல் வரிசையில் தலையைக் குனிந்து அடக்கமாக உட்கார்ந்திருந்தான். எனக்குப் பக்கத்தில் இருந்தவர், என் வயதுக்காரர், ஊர்க்கதைகளின் மொத்த வியாபாரி, என் பக்கம் சாய்ந்தார்.

"சேருக்கும் மானியம் கெடச்சிருக்காமே?" என்றார், அடுத்தவர் காதில் விழாதபடி மெதுவாக.

"ஓம்," என்றேன். "மொதல் பேரு என்னுடையது."

ஒலிபெருக்கி அப்போதுதான் ஓய்ந்திருந்தது. கடைசி வரிசை வரை கேட்டிருக்க வேண்டும்.